ராமர் கலர்

என் கடையில் ஷேடு கார்டு உண்டு. ஆனால் அதைப் பார்த்து நான் யாருக்கும் கலர் சொன்னதில்லை. வருகிறவர் கையில் இருக்கும் மட்கார்டையோ தகரத்துண்டையோ ஒரு பார்வை பார்ப்பேன். இதில் இத்தனை பங்கு வெள்ளை, இத்தனை கருப்பு, மஞ்சள் ஒரு சொட்டு என்று வாயால் சொல்லிக்கொண்டே கலக்கிவிடுவேன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருபத்தேழு வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். பஸ், வேன், டிராக்டர், நெல் அறுக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் என் கடைச் சரக்கு போகும். "அண்ணாச்சிக்குக் கண்ணுதான் மிஷினு" என்று பெயிண்டர்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் தலை கனக்கும். பொய் சொல்வானேன், நிறையவே கனக்கும்.

அந்தத் தலைக்கனம் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் பாரம் இறங்கிவிடும் என்ற நினைப்பெல்லாம் எனக்கில்லை. இறங்கவும் கூடாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். செத்துப்போன அவருடைய அப்பா ஓட்டிய மூக்கு லாரியைப் புதுசுபோல ஆக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அறைக்கு முன்னால் எஞ்சின் தனியாக மூக்குமாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்து லாரி. பாடி வேலை, சீட்டு வேலை எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சின் மட்டும் பாக்கி. கம்பெனியிலிருந்து வந்தபோது எஞ்சினில் என்ன கலர் இருந்ததோ அதே கலர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மூடியை மூடிட்டா எஞ்சின் கலரை யாருவே பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாப்பேன்லா அண்ணாச்சி" என்றார்.

விவரமான ஆள்தான். டைனமோவைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். எஞ்சினின் மேல்பக்கப் பெயிண்ட் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும். ஆனால் இரண்டு இரும்பு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில், தகட்டுக்கு அடியில், கிளாம்புக்கு உள்ளே, பழைய பெயிண்ட் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கும். அவர் காட்டிய கிளாம்பின் உள்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கலர் இருந்தது. என் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். பல வருஷம் எண்ணெயும் சூடும் ஏறிய பெயிண்ட் மஞ்சளித்துப் போகும். வெள்ளை சந்தனமாகும், நீலம் பச்சையாகும். அதனால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நைசான வாட்டர் பேப்பரால் மேல்தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெயிலில் வைத்துத்தான் கலர் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. இது எனக்குத் தெரியாததில்லை. எத்தனையோ பெயிண்டர்களை இதற்காகவே வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கடையில் ஆயுத பூஜைக் கூட்டம். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேய்த்துப் பார்த்துச் சொல்வது எனக்குக் கௌரவக் குறைச்சலாகவும் பட்டது.

"உங்க அப்பா என்ன கலருன்னு சொல்லுவாவ?" என்று மட்டும் கேட்டேன்.

"ராமர் கலருன்னு சொல்லுவாவ."

"ராமர் பச்சை. அதான் இது."

"பச்சைன்னு சொன்னதில்ல அண்ணாச்சி. ராமர் கலரு, அம்புட்டுத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான்வே" என்றேன்.

நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் சேலையை வைத்துத்தான் கலரையே படிக்கிறோம். ராமர் பச்சை என்று ஒரு சேலைக் கலர் உண்டு, நீலத்தில் ஒரு கால் வைத்து நிற்கிற பச்சை. ராமர் என்றதும் பச்சை என்பது என் வாயில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை, நான்தான் சேர்த்தேன். சேர்த்தது மட்டுமல்ல, இல்லை என்றவரையும் வாயடைத்து அனுப்பினேன்.

கலந்து கொடுத்த பச்சை நன்றாகத்தான் அமைந்தது. அவர் எஞ்சினுக்கு அடித்துப் படம் எடுத்து, பழைய லாரி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் போன் குரூப்பில் போட்டார். கம்பெனிக் கலரை சங்கரன்கோவிலில் ஒரு அண்ணாச்சி பார்த்த பார்வையில் சொல்லிவிட்டார் என்று கீழே எழுதியும் வைத்தார். அதற்குப் பிறகு சிவகிரியிலிருந்து வந்தார்கள், ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். யாரும் கிளாம்பு கொண்டுவரவில்லை. "அந்த ராமர் பச்சை" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். நான் டின் மூடியில் மார்க்கர் பேனாவால் 'ஒரிஜினல்' என்று எழுதிக் கொடுக்கவும் ஆரம்பித்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது.

மாசி மாதத்தில் சிவகிரிக்காரர் ஒருவர் பச்சை டின்னுக்குச் சொல்லிவிட்டு, எஞ்சின் தலையில் திருகி மாட்டும் சின்னத் தகர மூடி ஒன்றைக் கடையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். மத்தியான நேரம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மூடியின் உள்விளிம்பில் பழைய பெயிண்ட் இருந்ததைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியாமல் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பிறகு வாட்டர் பேப்பர். நாலு தேய்ப்பில் மஞ்சள் தோல் கரைந்து போயிற்று. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் திருப்பிப் பார்த்தேன்.

நீலம். பச்சையின் வாடைகூட இல்லாத நீலம். காலண்டரில் வில்லோடு நிற்பாரே, அந்த ராமரின் உடம்பு நீலம். லாரிக்காரர்கள் சேலையைப் பார்த்து ராமர் கலர் என்று சொல்லவில்லை, டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இது ஒரு தறிக்காரன் மகனைத் தவிர வேறு எவனுக்கும் முதலிலேயே புரிந்திருக்கும்.

சாயங்காலம் சிவகிரிக்காரர் வந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூடியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன், பச்சை டின்னையும் கொடுத்தேன். எஞ்சினுக்கு எந்தச் சேலையைக் கட்டினால் என்ன, இரும்புக்கு வலிக்கவா போகிறது என்று எனக்கு நானே கிண்டல் பேசிக்கொண்டேன். அதற்குள் எட்டோ ஒன்பதோ எஞ்சின் என் பச்சையில் நின்றன. இனிமேல் போய் நீலம் என்றால் ஊரே சிரிக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று முடிவு கட்டினேன்.

பங்குனியில் ஒரு பெண் வந்தார்.

குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் கரிசல் ஊர். உளுந்தும் பருத்தியும் போடுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், வெயிலில் வேலை பார்த்த முகம். தன்னுடன் இருக்கும் அப்பாவுக்காக வந்திருந்தார். அந்த நேரத்தில் கடை ஸ்டூலில் கரிவலம் விவசாயியும் உட்கார்ந்திருந்தார். இப்போது அடிக்கடி வந்துபோகிற சிநேகிதமாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு பெயிண்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் போனை நீட்டினார். தார்ப்பாய் விலக்கிய ஒரு மூக்கு லாரி. எஞ்சின் முழுக்கக் கெட்டிக் கிரீஸ். ஒரு ஓரத்தில் கிரீஸைத் துணியால் வழித்த இடத்தில் கலர் தெரிந்தது.

"அப்பா லாரி அண்ணாச்சி. அவுகளே வாங்கி, அவுகளே ஓட்டுனது. எஞ்சினை இதுவரைக்கும் எவனும் தொட்டதில்ல, கம்பெனில இருந்து வந்தது வந்தபடி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுவாவ. அதான் படம் எடுத்து குரூப்புல போட்டேன். அங்கன எல்லாரும், ஒரிஜினலு பச்சைல்லா, இது நீலமா இருக்கு, எஞ்சினையே மாத்தியிருக்கும்னு எழுதுதாவ. அப்பாட்ட கேட்டா, இல்லவே இல்லங்காவ. உங்க கடையைத்தான் எல்லாரும் கை காட்டுதாவ. அப்பா சொல்லுதது சரியா, குரூப்புல சொல்லுதது சரியா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. சிவகிரி மூடியில் நான் தேய்த்து எடுத்த அதே நீலம். அந்த மனுஷன் ஓட்டின காலத்தில் எண்ணெய் படியவிடாமல் துடைத்துத் துடைத்து, நிறுத்தின பிறகு கிரீஸைப் பூசி, தார்ப்பாயைப் போர்த்தி, கைக்குழந்தையைப்போலக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நான் பார்த்த வரையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனிக் கலரோடு நின்ற ஒரே எஞ்சின் அதுதான்.

"நம்ம அண்ணாச்சி சொன்னா முடிஞ்சிதும்மா, அதுக்கு மேல அப்பீலே கிடையாது" என்றார் கரிவலத்துக்காரர், என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு. அவருடைய எஞ்சின் பச்சையாகத்தான் நிற்கிறது, நான் அடிக்கச் சொன்ன பச்சை.

அங்கே, அந்த நிமிஷத்தில், நான் செய்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். கிளாம்பைத் தேய்க்காமல் விட்டது தவறு. இது அயோக்கியத்தனம்.

"பெரியவருக்கு வயசு என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டு."

"அப்ப மறந்திருக்கும். நடுவுல என்னைக்கோ எஞ்சினை இறக்கி நீலத்தை அடிச்சிருப்பாவ. அவுகளுக்கு ஞாபகம் இருக்காது."

"அப்பாவுக்கு மறதியெல்லாம் கிடையாதே அண்ணாச்சி."

"இந்த வயசுல ஆரம்பிக்கும்மா. முதல்ல அவுகளுக்கே தெரியாது, கூட உள்ளவங்கதான் பாத்துக்கிடணும்."

அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு? அது இல்லாமலே அவர் நம்பியிருப்பார். பொய்க்கு ஒரு கம்பவுண்டர் வேஷமும் போட்டுக் கொடுத்தேன். அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "சரி, ஒரிஜினல் எதுவோ அதையே ஒரு டின் கொடுங்க, அடிச்சிருவோம்" என்றார். கொடுத்தேன். வழக்கம்போல மூடியில் எழுதியும் கொடுத்தேன்.

அதன் பிறகு ராமர் பச்சை கேட்டு வந்தவர்களுக்கு இருப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் நான் செய்த பெரிய பரிகாரம். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் அந்தப் பெண் மறுபடி வந்தார், இரும்புக் கதவுக்குக் கருப்புப் பெயிண்ட் வாங்க. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பா எப்படி இருக்காவ?"

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் அண்ணாச்சி. நல்லவேளை சொன்னிய. அதுக்குப் பிறகுதான் நாங்க கவனிக்கவே ஆரம்பிச்சோம்."

ஒன்றொன்றாகச் சொன்னார். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினால், மறதி. ஒரு பேரைச் சொல்ல இரண்டு நொடி யோசித்தால், மறதி. மொபெட் சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள். பீரோ சாவியையும். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் இவர்களுக்கு மனசு ஆறவில்லை. முன்பெல்லாம் ஊரில் யாருக்கும் புஞ்சையில் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். எந்தக் கல் எங்கே கிடந்தது, எந்த வருஷம் ஓடை கரை மாறியது என்று சொல்லுவார், அவர் சொன்னால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும்.

"போன மாசம் அப்படிக் கூப்பிட வந்தாவ அண்ணாச்சி. 'எனக்கு நெனைப்பு சரியில்லப்பா, என் லாரி கலரே எனக்கு மறந்துபோச்சு, வேற ஆளைக் கேளுங்க'ன்னு அனுப்பிட்டாவ. இப்ப சாப்பிட்டியளான்னு கேட்டாக்கூட, 'நான் சாப்பிட்டேனா மகளே'ன்னு என்னையத்தான் திருப்பிக் கேக்காவ."

கருப்புப் பெயிண்டை நிறுத்துக் கொடுத்தேனா, அளந்து கொடுத்தேனா, எனக்கு நினைவில்லை. அவர் போன பிறகு கடைக்குள் பெயிண்ட் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இரும்புக்கு வலிக்கவா போகிறது என்று கிண்டல் பேசினேன் அல்லவா?

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவர், வேஸ்ட் துணி, தின்னர் பாட்டில் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். குருவிகுளம் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் தொழுவத்தில் ஆடுகளுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, என்ன இம்புட்டுத் தூரம்" என்றார்.

"லாரியைப் பாக்கணும்மா" என்றேன்.

லாரியின் மூக்கு மூடியைத் தூக்கினார். எஞ்சின் பச்சையாக மின்னியது. கிரீஸைக் காஸ்டிக் சோடா தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியுமட்டும் தேய்த்து, அதற்கு மேல் சுத்தமாக அடித்திருந்தார்கள். என் கலர்தான். அத்தனை வருஷம் ஒரு மனுஷன் பொத்திப் பாதுகாத்த நீலத்தில் ஒரு கீற்றுக்கூட இல்லை.

எஞ்சின் பக்கவாட்டில் கைவிரல் நீளத்துக்குப் பித்தளை நம்பர் தகடு ஒன்று இருந்தது. இரண்டு சின்ன ஸ்க்ரூ. கழற்றினேன். இரண்டாவது ஸ்க்ரூவின் தலை வழுக்கிக்கொண்டே இருந்தது. தகடு வந்தது. அதன் அடியில் காஸ்டிக் தண்ணீர் போகாத இடத்தில், ஒரு தபால் தலை அளவுக்கு, நீலம் இருந்தது.

"தகட்டைக் கம்பெனியிலதான் மாட்டுவாங்கம்மா" என்றேன். "பெயிண்ட் அடிச்ச பிறகுதான் மாட்டுவாங்க. தகட்டுக்கு அடியில என்ன இருக்கோ அதுதான் ஒரிஜினல். உங்க அப்பா சொன்னதுதான் சரி. அவுகளுக்கு ஒண்ணும் மறக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் நீலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெரியாம சொன்னியளா?"

"முதல்ல தெரியாது. நீங்க வந்தப்ப தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கையில் மிச்சமிருந்த அகத்திக்குழையைத் தரையில் வைத்தார்.

"நான் அப்பாவைப் பிள்ளைய அதட்டுத மாதிரில்லா அதட்டிட்டு இருக்கேன், அஞ்சு மாசமா" என்றார். அப்புறம், "இதை நான் போய்ச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நினைப்பாவ. நீங்களே சொல்லுங்க" என்று வீட்டுக்குள் போய் அப்பாவைக் கூட்டிவந்தார்.

நல்ல உயரமான மனிதர். ஸ்டியரிங் பிடித்த கை இன்னும் அகலமாக இருந்தது. நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை, ஆனால் தொழுவ வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று மகளின் முகத்தைப் பார்த்தார். சொந்தத் தொழுவத்துக்குள் நுழைய. மகள் தலையாட்டிய பிறகுதான் வந்தார்.

"கடை அண்ணாச்சியா? வாங்க" என்று கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். கடைக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதையாக அண்ணாச்சி என்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கிளாம்பைத் தேய்க்காதது, ராமர் பச்சை என்று நானாகச் சேர்த்தது, சிவகிரி மூடி, அவர் மகள் வந்தபோது கடையில் இருந்த மூன்று பேருக்கு முன்னால் என் பேர் கெடக்கூடாது என்று அவர் பேரைக் கெடுத்தது. ஒன்றையும் விடவில்லை. "உங்களுக்கு மறதி இல்ல ஐயா. ஒரு நாளும் இருந்ததில்ல. நீங்க சொன்ன கலருதான் கலரு. இங்க பாருங்க" என்று தகடு இருந்த இடத்தைக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமே வரவில்லை. கோபப்படுவதற்குத் தன்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும் போல. குனிந்து, அந்தச் சின்ன இடத்தை விரலால் தொட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எனக்கு நீலமாத்தான் தெரியுது" என்றார் மெதுவாக. பிறகு மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீலம்தானா அண்ணாச்சி? நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நீலம்தான் ஐயா."

"அப்ப சரி" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."